ஐ லவ் லூசி: மூன்று கேமரா, முந்நூறு பார்வையாளர், ஒரே ராத்திரி (விவாத இழை)

நாடகக்கொட்டகை எழுதியது:

1951, 52-ல் வந்த அமெரிக்க டிவி காமெடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலானவை கஞ்சித்தண்ணியில் முக்கி எடுத்த மாதிரி இருக்கும். முகம் வெளுத்திருக்கும், ஓரங்கள் கலைந்திருக்கும், யாராவது வேகமாகக் கையை வீசினால் பின்னாலேயே ஒரு பேய்க்கை போகும். அதே வருடத்து 'ஐ லவ் லூசி' மட்டும் நேற்று எடுத்தது போலத் துல்லியமாக நிற்கிறது. ப்ளூரேயில் பார்த்தால் சோபாத் துணியின் நெசவுகூடத் தெரிகிறது.

லூசியாக நடித்த லூசில் பாலின் முகபாவம், வாய் கோணல், அழுகை பற்றி இணையத்தில் எழுதித் தள்ளியாயிற்று. இங்கே அது எப்படி எடுக்கப்பட்டது என்பதை மட்டும் பேசுவோம். என் கேள்விகள்: மூன்று பிலிம் கேமராவை வைத்துக்கொண்டு, எதிரே ஜனங்களையும் உட்கார வைத்து, ஒரே இரவில் எப்படி ஒரு எபிசோடை முடித்தார்கள்? விளக்கு எங்கே வைத்தார்கள்? எடிட்டர் அத்தனை பிலிமையும் எப்படிச் சேர்த்தார்? அடிவாங்கி, விழுந்து, முட்டை உடைக்கிற காட்சிகளை ரீடேக் இல்லாமல் எப்படிச் சமாளித்தார்கள்?

யாழ்வாணி எழுதியது:

முதலில் ஏன் பிலிம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் மற்றது விளங்காது.

லூசில் பால் 1948 முதல் சிபிஎஸ் என்ற ஒளிபரப்பு நிறுவனத்தின் வானொலியில் 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' என்ற தொடரில் நடித்து வந்தார். எழுதியவர்கள் ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேடலின் பியூ, பாப் கரோல் ஜூனியர். அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர சிபிஎஸ் விரும்பியபோது லூசில் பால் போட்ட நிபந்தனை, கணவராக நடிப்பவர் தன் சொந்தக் கணவர் டெசி அர்னாஸாக இருக்க வேண்டும் என்பது. கியூபாவில் பிறந்து ஸ்பானிய வாடையோடு ஆங்கிலம் பேசுபவரை அமெரிக்க மனைவியின் கணவராக மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று நிறுவனம் தயங்கியது. 1950-ல் இருவரும் ஊர் ஊராக மேடை நிகழ்ச்சி நடத்தி, ஏற்பார்கள் என்று காட்டினார்கள். டெசிலு என்ற கம்பெனியும் அந்த ஆண்டே தொடங்கியது.

அடுத்த சிக்கல் ஊர். ஸ்பான்சர் ஃபிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனி. டிவி வைத்திருந்த வீடுகளில் பெரும்பாலானவை கிழக்கிலும் மத்திய மேற்கிலும் இருந்தன. அன்றைய வழக்கப்படி நியூயார்க்கில் நேரலையாக நடித்தால் கிழக்குக்கு நல்ல படம் கிடைக்கும், கலிஃபோர்னியாவுக்குக் கினெஸ்கோப் என்ற மங்கலான பிலிம் நகல் போகும். ஹாலிவுட்டில் நடித்தால் தலைகீழ். சிகரெட் அதிகம் விற்கிற பகுதிக்கு மங்கலான படத்தை அனுப்ப ஸ்பான்சர் சம்மதிக்கவில்லை. தம்பதிக்கு ஹாலிவுட்டை விட்டுப் போக விருப்பமில்லை. இரண்டுக்கும் நடுவில் கிடைத்த வழிதான் 35 மில்லிமீட்டர் பிலிம்: எங்கே எடுத்தாலும் நாடு முழுக்க ஒரே தரம்.

செலவு கூடியது. தம்பதி வாரத்துக்கு 1,000 டாலர் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். பதிலுக்கு எபிசோடுகளின் உரிமை டெசிலுவுக்கு என்று எழுதி வாங்கினார்கள். ஒருமுறை ஒளிபரப்பானதும் அந்தப் பிலிமுக்கு மதிப்பு ஏதும் இருக்கும் என்று அப்போது நிறுவனத்தில் பெரிதாக யாரும் கணக்குப் போடவில்லை.

பழையபெட்டி எழுதியது:

கினெஸ்கோப் என்றால் டிவி திரைக்கு எதிரே ஒரு பிலிம் கேமராவை நிறுத்திப் படம் பிடிப்பது. அவ்வளவுதான் சமாசாரம். அமெரிக்க டிவி நொடிக்கு 30 படம், பிலிம் நொடிக்கு 24. இரண்டையும் பொருத்தும் இடத்தில் பட்டை விழும், பேய்க்கை வரும். கறுப்பு சாம்பலாகும், வெள்ளை வழிந்து போகும். நாடகக்கொட்டகை சொன்ன கஞ்சித்தண்ணி அதுதான்.

லென்ஸ்குமார் எழுதியது:

கேமரா பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட். ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த குழுவில் இருந்தவர், ஹாலிவுட்டில் 'டிராக்குலா' எடுத்தவர், 'தி குட் எர்த்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். நிழலை வைத்துப் பிழைத்த மனிதரைக் கூப்பிட்டு, நிழலே இல்லாமல் எடு என்றார்கள். அவர் அதற்குச் செய்த வேலை இது:

கேமரா மூன்றும் மிட்செல் பிஎன்சி. சத்தம் வெளியே வராத ஸ்டூடியோ கேமரா, கனமானது. மூன்றும் டாலி என்ற சக்கர வண்டி மேல். நடுக் கேமராவில் 28 முதல் 50 மி.மீ. லென்ஸ், அறை முழுவதையும் பிடிக்கும். இரண்டு பக்கக் கேமராவிலும் 3 முதல் 4 அங்குல லென்ஸ், அதாவது ஏறக்குறைய 75 முதல் 100 மி.மீ., முகங்களுக்கு. இடது கேமரா வலப்பக்கம் நிற்பவரைப் பிடிக்கும், வலது கேமரா இடப்பக்கம் நிற்பவரை. இப்படிக் குறுக்காகப் பிடித்தால்தான் நடிகர்களின் முகம் கேமராவுக்குத் திரும்பியிருக்கும். நேராகப் பிடித்தால் காது மட்டும் கிடைக்கும்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம் டி-ஸ்டாப். சாதாரண எஃப் எண் லென்ஸின் துளை அளவைச் சொல்கிறதே தவிர, கண்ணாடிக்குள் எவ்வளவு வெளிச்சம் விழுங்கப்படுகிறது என்பதைச் சொல்லாது. ஒரே எஃப் எண்ணில் வைத்த மூன்று வேறு லென்ஸ்கள் மூன்று வேறு அடர்த்தியில் நெகட்டிவ் தரும். மூன்று கேமராவின் துண்டுகளையும் அடுத்தடுத்து ஒட்டப் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு வெட்டிலும் முகம் கறுத்து வெளுத்துத் துடிக்கும். உள்ளே உண்மையில் போய்ச் சேரும் வெளிச்சத்தை அளந்து குறித்த டி-ஸ்டாப் லென்ஸ்களை ஃப்ராய்ண்ட் பயன்படுத்தியது அதனால்தான்.

விளக்கு: எல்லாம் மேலே. தரையில் ஸ்டாண்டு கிடையாது, ஏனென்றால் டாலி ஓட வேண்டும், பார்வையாளருக்கும் மறைக்கக் கூடாது. ஆனால் மேலிருந்து மட்டும் வெளிச்சம் விழுந்தால் கண்குழி இருண்டுவிடும், மூக்குக்குக் கீழே மீசை முளைக்கும். அதற்காக ஒவ்வொரு டாலியிலும் கேமராவை ஒட்டிச் சிறு விளக்குகள், டிம்மரோடு. கேமரா நெருங்கும்போது குறைக்க வேண்டும், விலகும்போது கூட்ட வேண்டும்.

செட் முழுக்க சாம்பல் நிறத்தின் பல அடர்த்திகளில் வண்ணம் பூசப்பட்டது, பொருட்களும் அப்படியே. அன்றைய வீட்டு டிவி காண்ட்ராஸ்டை, அதாவது கறுப்பு-வெள்ளை வேறுபாட்டை, தானாகவே கூட்டிக் காட்டும். தூய வெள்ளைச் சுவர் வைத்தால் அது வழிந்து, முன்னால் நிற்பவரின் முகம் கரியாகிவிடும். ஆகவே தட்டையான வெளிச்சம், சாம்பல் செட். சினிமாத் திரையில் போட்டால் சப்பென்று இருக்கும். டிவிக்கு அதுதான் சரியான அளவு.

கத்தரிக்கோல் எழுதியது:

லென்ஸ்குமார் சார், அருமை. அதைத் தொடர்ந்து பிலிம் கணக்கு.

35 மி.மீ. பிலிமில் அடிக்கு 16 ஃப்ரேம். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி மேகசின், அதாவது கேமராவில் மாட்டும் பிலிம் பெட்டி, 11 நிமிடத்தில் தீரும். எபிசோடு ஏறக்குறைய 26 நிமிடம். மூன்று கேமராவும் காட்சி முழுக்க ஓடினால் 26 × 90 × 3, அதாவது சுமார் 7,000 அடி. ஒரு கேமராவை வைத்து ஒவ்வொரு கோணத்துக்கும் திரும்பத் திரும்ப எடுக்கிற சினிமா முறையோடு ஒப்பிட்டால் இது சிக்கனம்தான்.

காட்சி எதுவும் 11 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது எழுத்தாளருக்கே கட்டுப்பாடு. காட்சி முடிந்ததும் மேகசின் மாற்றுவார்கள், உடை மாற்றுவார்கள், அந்த இடைவெளியில் வில்பர் ஹாட்சின் வாத்தியக் குழு அங்கேயே வாசிக்கும். ஜனங்கள் எழுந்து போகாமல் இருக்க அதுவும் ஒரு வழி. தொடக்கத்தில் டெசி அர்னாஸே வந்து ஜோக் சொல்லிச் சூடேற்றிவிட்டு நடிகர்களை அறிமுகப்படுத்துவார். காட்சிகள் கதை வரிசைப்படியே எடுக்கப்பட்டன. பார்வையாளருக்குக் கதை புரிந்தால்தானே சரியான இடத்தில் சிரிப்பார்கள்.

எடிட்டர் டேன் கான். பிலிமை ஓட்டிப் பார்த்து வெட்ட உதவும் மூவியோலா இயந்திரத்தில் பொதுவாக ஒரு படத் தலை, ஒரு ஒலித் தலை இருக்கும். இவருக்கு மூன்று படத் தலையும் ஒரு ஒலித் தலையும் உள்ள பெரிய இயந்திரம் வேண்டியிருந்தது. 'மூன்று தலை ராட்சசன்' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மூன்று கோணமும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நேரத்தில் ஓடும். எந்த நொடியில் எதை எடுப்பது என்று பார்த்துக் குறியிட்டுக்கொண்டே போகலாம்.

எளிதாகத் தெரிகிறதா? சின்க், அதாவது படமும் ஒலியும் பொருந்துவது, தவறினால் எல்லாம் போச்சு. தொடக்கக் குறி மூன்று பிலிமிலும் ஒலித்தடத்திலும் ஒரே ஃப்ரேமில் பொருந்த வேண்டும். ஒரு கேமரா நடுவில் நின்று மறுபடி ஓடினால் அதற்குப் பிறகு அந்தச் சுருளில் உதட்டைப் பார்த்துத்தான் கைக்கணக்காகப் பொருத்த வேண்டும்.

பழையபெட்டி எழுதியது:

"மூன்று கேமரா முறையைக் கண்டுபிடித்தவர் டெசி அர்னாஸ்" என்று எங்கே பார்த்தாலும் போட்டு வைத்திருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் நிறுத்தலாமா? ஜெர்ரி ஃபேர்பேங்க்ஸ் டிவிக்காகப் பல பிலிம் கேமராவை ஒன்றாக ஓட்டியவர். ரால்ஃப் எட்வர்ட்ஸின் 'ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ்' நிகழ்ச்சி 1950-லேயே பார்வையாளர் முன் பல பிலிம் கேமராவில் எடுக்கப்பட்டது. அதில் வேலை பார்த்த ஆல் சைமனைத்தான் டெசிலு கூட்டிக்கொண்டு வந்தது.

லென்ஸ்குமார் எழுதியது:

உண்மை. ஆனால் அது கேள்வி-பதில் விளையாட்டு நிகழ்ச்சி. நான்கு அறை, கதவு, உடை மாற்றம், கதைத் தொடர்ச்சி, தியேட்டர் படத்துக்கு நிகரான ஒளிப்பதிவு எல்லாம் வைத்துக்கொண்டு வாராவாரம் செய்து காட்டியது இவர்கள்தான். கண்டுபிடிப்பு என்று சொல்ல வேண்டாம். வேலை செய்கிற முறையாக ஆக்கியது டெசிலு என்று சொல்லலாம். பின்னால் வந்தவர்கள் காப்பியடித்தது இந்த வடிவத்தைத்தான்.

பழையபெட்டி எழுதியது:

அப்படிச் சொன்னால் சண்டை இல்லை. டெசியின் பெயரைத் தனியாகப் போட்டுவிட்டு ஃப்ராய்ண்ட், சைமன், இயக்குநர் மார்க் டேனியல்ஸ் மூவரையும் விழுங்குவதுதான் எரிச்சல். டேனியல்ஸ் நியூயார்க் நேரலை நாடகங்களிலிருந்து வந்தவர். பல கேமராவுக்கு நடிகர்களை எப்படி நிறுத்துவது என்று முதல் சீசனில் வழிபோட்டவர். லூசியின் தோழி எத்தல் வேடத்துக்கு விவியன் வான்ஸைக் கொண்டுவந்ததும் அவர்தான்.

யாழ்வாணி எழுதியது:

இதே வரிசையில் இன்னும் இரண்டு பொய்ப் பெருமைகள் உலவுகின்றன, அவற்றையும் முடித்துவிடலாம்.

தொலைக்காட்சியில் முதலில் கர்ப்பிணியாக வந்தவர் லூசி அல்லர். 'மேரி கே அண்ட் ஜானி' தொடரில் 1948-லேயே நாயகியின் கர்ப்பமும் குழந்தையும் கதையில் வந்துவிட்டன. லூசியில் நடந்தது அளவில் பெரியது. 'கர்ப்பிணி' என்ற நேர்ச்சொல்லை சிபிஎஸ் அனுமதிக்கவில்லை. 'எதிர்பார்த்திருக்கிறாள்' என்றே பேசினார்கள். ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டண்ட் போதகர், ஒரு யூத ராபி மூவரும் கதைவசனத்தைப் படித்துப் பார்த்தார்கள். பிரசவ எபிசோடு 1952 நவம்பரிலேயே எடுத்து வைக்கப்பட்டு, 1953 ஜனவரி 19 அன்று ஒளிபரப்பானது. அன்றைக்கே லூசில் பாலுக்குச் சிசேரியனில் மகன் பிறந்தான். சுமார் 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் பதவியேற்றதை அதைவிடக் குறைவானவர்களே பார்த்தார்கள்.

இரண்டாவது, மறுஒளிபரப்பை லூசி 'கண்டுபிடித்தது' என்பது. பிலிமில் இருந்த எதையும் திரும்பப் போடலாம் என்பது முன்பே தெரிந்ததுதான். பிரசவ ஓய்வு நாட்களில் முதல் சீசன் எபிசோடுகளுக்கு முன்னால் புதிதாக ஒரு சிறு காட்சி எடுத்து ஒட்டி, பழைய நினைவு போலப் போட்டார்கள். ஜனங்கள் மறுபடியும் உட்கார்ந்து பார்த்தார்கள். அதில் பணம் இருக்கிறது என்று எல்லோருக்கும் உறைத்தது அப்போதுதான்.

நாடகக்கொட்டகை எழுதியது:

பார்வையாளர் பக்கம் யாராவது சொல்லுங்கள். சினிமா ஸ்டூடியோவில் ஜனங்களை உட்கார வைப்பது அன்று சட்டப்படி லேசான காரியமா?

கத்தரிக்கோல் எழுதியது:

இல்லை. லாஸ் பால்மஸ் அவென்யூவில் இருந்த ஜெனரல் சர்வீஸ் ஸ்டூடியோவின் இரண்டாம் எண் தளம்தான் முதல் இடம். படப்பிடிப்புத் தளமாகக் கட்டியதைச் சுமார் 300 பேர் உட்காரும் அரங்காக மாற்ற வேண்டும். தீயணைப்பு விதிப்படி தண்ணீர்த் தெளிப்பான், தனி வாசல், சுகாதார விதிப்படி கழிப்பறை எல்லாம் வேண்டும். ரொமெய்ன் தெருப் பக்கம் சுவரில் வாசல் திறந்து 'டெசிலு ப்ளேஹவுஸ்' என்று பலகை மாட்டினார்கள். டாலி குலுங்காமல் ஓடத் தரையையும் வழவழப்பாக்க வேண்டியிருந்தது. சினிமாத் தளத்தின் பலகைத் தரையில் ஆணி, இடுக்கு எல்லாம் இருக்கும், 75 மி.மீ. லென்ஸில் அது ஒவ்வொன்றும் துள்ளலாகத் தெரியும்.

ஒலி: நடிகர்களுக்குத் தலைக்கு மேல் பூம் மைக், பார்வையாளருக்கு மேலே தனி மைக்குகள். நீங்கள் கேட்பது அந்த ராத்திரி அங்கே இருந்தவர்களின் சிரிப்பு. கூர்ந்து கேட்டால் ஏதோ விபரீதம் வரப்போகிறது என்கிற இடத்தில் ஒரு பெண்குரல் 'அய்யய்யோ' என்கிற தொனியில் கேட்கும். லூசில் பாலின் அம்மா டீடீ.

இந்த முறையில் வழக்கமாக உதைக்கிற இடங்கள்: ஒன்று, பூம் நிழல். வெளிச்சம் மேலிருந்து வருகிறது, மைக்கும் மேலே இருக்கிறது. நடுக் கேமராவின் அகலமான காட்சிக்கு மறையும்படி வைத்தால் ஒலி தூரமாகும், இறக்கினால் சுவரில் நிழல் விழும். இரண்டு, சிரிப்புக்குள் வசனம் மூழ்குவது. நடிகர் பொறுத்துப் பேச வேண்டும். ஆனால் மரம் மாதிரி நின்று பொறுத்தால் காமெடி செத்துவிடும். ஏதாவது செய்துகொண்டே பொறுக்க வேண்டும். எத்தலின் கணவர் ஃப்ரெட்டாக நடித்த வில்லியம் ஃப்ராலியைப் பாருங்கள், ஒன்றும் செய்யாதது போலவே ஏதோ செய்துகொண்டிருப்பார். வாட்வில் என்ற அந்தக் காலத்துப் பல்சுவை மேடைப் பயிற்சி. மூன்று, தனியாக மறுபடி எடுத்த துண்டு. அதில் சிரிப்பின் அளவு திடீரென்று மாறும், ஒட்டு காதில் தெரியும்.

லென்ஸ்குமார் எழுதியது:

ஒத்திகை அட்டவணையும் முக்கியம். வாரத்தில் நாலைந்து நாள் வேலை. முதலில் மேசையைச் சுற்றி வாசிப்பு, பிறகு நடிகர்கள் மட்டும் ஒத்திகை. கேமராக் குழுவும் விளக்கும் கடைசி நாட்களில்தான் வரும். தரையில் ஒவ்வொரு டாலிக்கும் எண் போட்ட குறிகள். எந்த வசனத்துக்கு எந்தக் குறிக்கு ஓட வேண்டும் என்பதைக் கேமரா ஒருங்கிணைப்பாளர் இண்டர்காமில் சொல்வார். முதல் சீசனில் அந்த வேலை இயக்குநரின் மனைவி எமிலி டேனியல்ஸுடையது. ஆபரேட்டர், ஃபோகஸ் பிடிப்பவர், வண்டி தள்ளுபவர் மூவரும் நடனக் குழு மாதிரி ஒரே தாளத்தில் நகர வேண்டும். நடிகர் ஒரு அடி தவறி நின்றால் ஃபோகஸ் போய்விடும்.

ஆகவே லூசில் பால் 'அந்த நிமிடத்தில் தோன்றியதை நடித்தார்' என்பதெல்லாம் கட்டுக்கதை. குறி தப்பினால் கேமராவில் விழமாட்டார். மில்லிமீட்டர் சுத்தமாக ஒத்திகை பார்த்துத் திரும்பச் செய்பவர் அவர்.

நாடகக்கொட்டகை எழுதியது:

அப்படியே உடல் காமெடிக்கு வந்துவிட்டீர்கள். எழுத்தில் அது எப்படி இருந்தது? "இங்கே லூசி கோமாளித்தனம் செய்கிறாள்" என்று விட்டுவிடுவார்களா?

பழையபெட்டி எழுதியது:

விடவே மாட்டார்கள். வசனம் சாதாரண எழுத்தில், உடல் அசைவெல்லாம் முழுக்கப் பெரிய எழுத்தில் தட்டச்சாகும். அந்தப் பக்கம் கறுப்பாக அடைத்துக்கொண்டு தெரியும் என்பதால் அதைக் 'கறுப்புச் சரக்கு' என்றே சொன்னார்கள். எந்தக் கை, எந்தப் பொருள், எந்த வரிசை, எல்லாம் அதில் இருக்கும். ஒரு பெண்ணால் அதைச் செய்ய முடியுமா என்று மேடலின் பியூ தானே செய்து பார்ப்பார். ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஏறிச் சுவரில் மோதிய பிறகு அந்த யோசனை குப்பைக்குப் போனது.

கத்தரிக்கோல் எழுதியது:

லூசியும் எத்தலும் சாக்லேட் தொழிற்சாலையில் வேலைக்குப் போகும் எபிசோடை எடுத்துக்கொண்டு பிரித்துப் பார்ப்போம். தலைப்பு 'ஜாப் ஸ்விட்சிங்', 1952 செப்டம்பர் 15, இரண்டாம் சீசனின் முதல் எபிசோடு, வில்லியம் ஆஷர் இயக்கம்.

சாக்லேட் ஓடிவரும் பெல்ட் காட்சிக்கு முன்னால் சாக்லேட் முக்கும் மேசைக் காட்சி வருகிறது. பக்கத்தில் முகத்தில் சலனமே இல்லாமல் சாக்லேட் முக்குபவர் நடிகை இல்லை, உண்மையிலேயே அந்தத் தொழில் செய்தவர். அவர் கை தானாக ஓடுகிறது. லூசியின் கை விளையாடுகிறது. வித்தியாசத்தை வசனமே இல்லாமல் காட்டியாயிற்று.

பிறகு பெல்ட். விதி முதலிலேயே சொல்லப்படுகிறது: ஒரே ஒரு சாக்லேட் காகிதம் சுற்றாமல் அடுத்த அறைக்குப் போனாலும் வேலை காலி. தொடக்க வேகத்தில் வேலை முடிகிறது, இருவரும் 'இவ்வளவுதானா' என்கிறார்கள். இது மிக முக்கியம். முதலிலேயே முடியாத வேகம் என்றால் பார்வையாளர் கவலைப்பட மாட்டார். வேகம் கூடும்போது முதலில் வாய், பிறகு தொப்பி, பிறகு சட்டைக்குள் என ஒளிக்கும் இடம் படிப்படியாக மோசமாகிறது. மேற்பார்வையாளர் எல்வியா ஆல்மன் வந்து பார்க்கிறார், சுத்தமாக இருக்கிறது, ஆகவே இன்னும் வேகம் கூட்டச் சொல்கிறார். தங்கள் தோல்வியை மறைத்ததாலேயே தண்டனை கூடுகிறது. முழு எபிசோடின் எலும்பும் அந்த ஒரு திருப்பம்தான்.

வெட்டுகளைக் கவனியுங்கள். பெல்ட் ஓடும்போது பெரும்பாலும் நடுக் கேமராவின் அகலக் காட்சியே நிற்கும். இருவரும் பெல்ட்டும் ஒரே சட்டத்தில் இருக்க வேண்டும். குளோசப் போட்டால் எத்தனை சாக்லேட் தப்பியது என்று தெரியாது. இன்றைய எடிட்டர்கள் பலருக்கு இங்கே கை அரிக்கும்.

யாழ்வாணி எழுதியது:

'வைட்டமீட்டவெஜமின்' விளம்பரக் காட்சி (1952 மே 5) இதற்கு நேர் எதிரான கட்டமைப்பு. பொருள் எதுவும் வேகமாக ஓடவில்லை. ஒரே விளம்பர வசனத்தை லூசி ஒத்திகைக்காகத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள், ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி டானிக் குடிக்கிறாள். அதில் 23 சதவீதம் ஆல்கஹால் என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. முதல் முறை சுத்தமான உச்சரிப்பு, குடித்ததும் குமட்டும் முகம். இரண்டாவதில் குமட்டல் குறைகிறது. அதன் பிறகு சொற்கள் இடம் மாறுகின்றன, கரண்டி பாட்டிலைத் தவறவிடுகிறது, இறுதியில் கரண்டியே வேண்டாமென்று பாட்டிலோடு.

முதல் முறை வசனத்தைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் பின்னால் எந்தச் சொல் எங்கே சறுக்கியது என்று யாருக்கும் புரியாது. பார்வையாளருக்கு மனப்பாடம் செய்து கொடுத்துவிட்டுத்தான் அதைக் குலைக்கிறார்கள். குடித்தது உண்மையில் ஆப்பிள் பெக்டின். கெட்டியாக ஊற்றும், கேமராவில் மருந்து போலவே தெரியும்.

பழையபெட்டி எழுதியது:

பொருட்கள் பற்றிப் பேசினால் ரொட்டியை விடலாமா. 'பயனியர் விமன்', 1952 மார்ச் 31. மூன்று ஈஸ்ட் கட்டி போட வேண்டிய இடத்தில் பதின்மூன்று போட்டதால் அடுப்பிலிருந்து ரொட்டி வெளியே நீண்டு வந்து லூசியைச் சுவரோடு நசுக்கும். எட்டடி நீளம், அட்டையில் செய்ததில்லை, அசல் ரை ரொட்டி.

லூசியின் மூக்கு எரியும் காட்சி 1955 பிப்ரவரி 7, நடிகர் வில்லியம் ஹோல்டன் வந்த எபிசோடு. ஒட்டுமூக்கின் நுனியில் ஒப்பனைக்காரர் ஹால் கிங் திரி வைத்திருந்தார். தீ எங்கே பிடிக்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அந்தத் திரியின் கையில்.

கத்தரிக்கோல் எழுதியது:

முட்டை டாங்கோ, 1957 மார்ச் 11. சட்டைக்குள் முட்டைகளை லூசி ஒளித்துக்கொண்டிருக்கும்போது கணவன் ரிக்கி (டெசி அர்னாஸ்) நடன ஒத்திகைக்கு இழுக்கிறான். ஒத்திகையில் அசல் முட்டை வைக்கவில்லை. உடைவதை லூசில் பால் முதன்முதலில் உணர்ந்தது படப்பிடிப்பில்தான். தொடரிலேயே நீண்ட சிரிப்பு, 65 நொடி என்று கணக்கு. ஒளிபரப்பில் அதைச் சுருக்கித்தான் போட்டார்கள்.

இங்கேதான் எடிட்டருக்குத் தலைவலி. சிரிப்பு ஒரே தொடர்ச்சியான ஒலி. நடுவில் இருபது முப்பது நொடியை வெட்டினால் ஏற்ற இறக்கம் பொருந்தாமல் 'டக்' என்று கேட்கும். கூட இன்னொரு கேமராவுக்குத் தாவ வேண்டும், இல்லாவிட்டால் லூசியின் உடம்பு துள்ளும். மூன்று கோணம் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது.

நாடகக்கொட்டகை எழுதியது:

பணக் கதையின் மறுபாதியை யாழ்வாணி பாதியில் விட்டுவிட்டார். சம்பளத்தைக் குறைத்து வாங்கிய உரிமையைப் பிறகு விற்றுவிட்டார்களே?

யாழ்வாணி எழுதியது:

ஆம், 50 லட்சம் டாலருக்கு அருகில் வரும் தொகைக்கு சிபிஎஸ்-க்கே விற்றார்கள். 1957 இறுதியில் ஆர்கேஓ ஸ்டூடியோவைச் சுமார் 61.5 லட்சம் டாலருக்கு டெசிலு வாங்கியதற்கு அந்தப் பணம் கைகொடுத்தது. ஒரு காலத்தில் இருவரையும் ஒப்பந்த நடிகர்களாக வைத்திருந்த ஸ்டூடியோ அது.

என் பார்வையில் அது நஷ்ட வியாபாரம். ஆறு சீசனில் நான்கில் நாட்டிலேயே முதலிடம் பிடித்த தொடர். 1952-53 சீசனின் 67.3 நீல்சன் புள்ளியை (டிவி உள்ள வீடுகளில் பார்த்தவற்றின் சதவீதம்) அதற்குப் பிறகு எந்தத் தொடரும் எட்டவில்லை. அதன் நிரந்தர வருமானம் சிபிஎஸ் பக்கம் போய்விட்டது.

பழையபெட்டி எழுதியது:

ஒத்துக்கொள்ள மாட்டேன். 1957-ல் பழைய எபிசோடு எழுபது வருடம் ஓடும் என்று யாருக்குத் தெரியும்? கறுப்பு-வெள்ளைக்கு மவுசு போகும் காலம் வந்துகொண்டிருந்தது. ஸ்டூடியோ இடம் என்பது கையில் பிடிக்கக்கூடிய சொத்து. அந்த இடம் இருந்ததால்தான் 'ஸ்டார் ட்ரெக்', 'மிஷன்: இம்பாசிபிள்' இரண்டும் டெசிலுவில் உருவாயின. 1962-ல் லூசில் பால் டெசியின் பங்கை வாங்கித் தானே தலைவரானார். 1967-ல் டெசிலுவைக் கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் கம்பெனிக்கு 1.7 கோடி டாலருக்கு விற்றார். நஷ்டமா இது?

யாழ்வாணி எழுதியது:

அந்த 1.7 கோடியோடு லூசியின் எபிசோடுகளும் கையில் இருந்திருந்தால் என்ன தொகை என்று போட்டுப் பாருங்கள். நான் என் பக்கத்திலேயே நிற்கிறேன்.

லென்ஸ்குமார் எழுதியது:

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு இரண்டு குறிப்பு. சாட்டின் துணி மேல் இதயம் வரும் தொடக்கம் அசல் இல்லை. அசலில் தம்பதியின் குச்சி உருவங்கள் சிகரெட் பெட்டியோடு விளையாடும் கார்ட்டூன். வரைந்து கொடுத்தது ஹன்னா-பார்பெரா கூட்டம். ஸ்பான்சர் விளம்பரத்தோடு மறுஒளிபரப்ப முடியாது என்பதால் இதயம் வந்தது.

அடுத்து வரிசை. முதலில் ஒளிபரப்பானது 1951 அக்டோபர் 15 எபிசோடு. ஆனால் முதலில் எடுத்தது, ரிக்கி தன்னைக் கொல்லப் பார்க்கிறான் என்று லூசி சந்தேகிக்கும் கதை. செப்டம்பர் 8-ல் எடுத்து நவம்பர் 5-ல்தான் போட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் கேமரா நகர்வு எவ்வளவு சீக்கிரம் பழகியது என்று தெரியும்.

கத்தரிக்கோல் எழுதியது:

அதைவிட நல்ல ஒப்பீடு ஒன்று இருக்கிறது. 1951 மார்ச்சில் எடுத்த பைலட், அதாவது மாதிரி எபிசோடு, கினெஸ்கோப்பில்தான் பதிவானது. ஃப்ரெட்டும் எத்தலும் அதில் கிடையாது. நாற்பது வருடம் போலக் காணாமல் கிடந்து, அதில் நடித்த கோமாளி பெபிட்டோவின் மனைவியிடமிருந்து கிடைத்து, 1990-ல் ஒளிபரப்பானது. டிவிடி தொகுப்பில் இருக்கிறது. அதில் லூசில் பால் ஆடும் செல்லோக் கோமாளி ஆட்டத்தையே நவம்பர் 19-ல் வந்த 'தி ஆடிஷன்' எபிசோடில் திரும்பச் செய்தார்கள். அதே ஆள், அதே ஆட்டம், அதே வருடம். ஒன்று கினெஸ்கோப், மற்றது ஃப்ராய்ண்டின் மூன்று கேமரா. முதலில் பைலட்டைப் போடுங்கள், உடனே இதைப் போடுங்கள். ஒலியையும் ஒப்பிடுங்கள், பைலட்டில் வசனத்தின் மேலேயே சிரிப்பு ஏறி உட்கார்ந்திருக்கும்.